டெல்லாவின் ஐந்து அவுன்ஸ்

குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது நான். என் புருஷன் ரூடியைக் கேட்டால் வேறு அளவு சொல்வான். இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் மடியில் படுத்து பாட்டில் குடித்தவர்களில் இரண்டு பேர் இப்போது இரும்புச் சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டுகிறார்கள். ஒருத்தி நகராட்சி உறுப்பினர். ஆறு மாசக் குழந்தையாக அவள் என்ன கத்து கத்தினாள் என்பது எனக்குத் தெரியும் என்பதால், கூட்டத்தில் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

அப்படிப்பட்ட என்னிடம் டெல்லா வந்து சேர்ந்தாள். வயது ஐந்து மாசம். புருவம் என்று ஒன்று இன்னும் முளைக்கவில்லை. அதற்குள் முறைக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கிர்ஸ்டனுக்கு, தெருவின் எதிர்ச்சாரியில் இருக்கும் மருந்துக்கடையில் வேலை. அப்பா ட்ராவிஸ் சரக்கு லாரி ஓட்டுகிறவன். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான்.

டெல்லா பாட்டிலில் குடிக்க மாட்டாள். அதனால் ஆரம்பத்தில் ஒரு குறையும் வரவில்லை. பன்னிரண்டு பத்துக்கு கிர்ஸ்டன் வெள்ளைக் கோட்டோடு தெருவைத் தாண்டி ஓடி வருவாள். துணி துவைக்கும் மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையை அணைத்து, இன்னொரு கையால் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுவர்க் கடிகாரத்திலேயே வைத்துப் பால் கொடுப்பாள். இருபது நிமிஷத்தில் திரும்ப ஓடுவாள். நான் ஷீட்டில் "அம்மா வந்து கொடுத்தது" என்று எழுதுவேன்.

இந்த ஷீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என்னைப் போல வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்கள், கொடுக்கிற சாப்பாட்டையெல்லாம் எழுதி அனுப்பினால் அரசாங்கம் அதற்கான செலவைத் திருப்பித் தரும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் தனி ஷீட். யாருக்கு, என்ன, எத்தனை அவுன்ஸ், எல்லாம் எழுத வேண்டும். பவுடர் பால் கொடுத்தாலும் சரி, அம்மா கறந்து பாட்டிலில் வைத்துவிட்டுப் போன பாலைக் கொடுத்தாலும் சரி, அம்மாவே நேரில் வந்து கொடுத்தாலும் சரி, அது ஒரு வேளைச் சாப்பாடுதான். அரசாங்கத்தின் அந்த மொத்த விதிப் புத்தகத்திலும் பிள்ளை பெற்றவள் யாரோ எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும் ஒரே இடம் அது. மற்றதையெல்லாம் பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். முக்கியமான விதி ஒன்று உண்டு: கொடுத்த பிறகுதான் எழுத வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் எழுதக் கூடாது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, கிர்ஸ்டன் பால் கொடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மார்லிஸ், ஒரு விஷயம். கடையில இன்னொரு பொண்ணு வேலையை விட்டு நின்னுட்டா. அடுத்த திங்கள்லேர்ந்து எனக்கு சாப்பாட்டு நேரம் ரெண்டரைக்குதான். நடுவுல பால் கறந்து வைக்க நேரம் தராங்க, ஆனா கடையை விட்டு வெளிய வர முடியாது."

"சரி, கறந்து கொடுத்துட்டுப் போ. நான் பாட்டில்ல கொடுக்கறேன்."

"அவ பாட்டில் குடிக்க மாட்டாளே. வீட்ல நாங்க பாக்காத வித்தை இல்ல." அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "காலையில ஏழரைக்குக் குடிச்சா, ரெண்டரை வரைக்கும் எப்படித் தாங்குவா? வேலையை விடணும். விட்டா கடையில தர இன்சூரன்ஸ் போயிடும். ட்ராவிஸ் சொந்தமா ஓட்டறான், அவனுக்கு எதுவும் கிடையாது. ஏப்ரல்ல அவனுக்கு இடுப்பு ஆபரேஷன் வேற. மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்கறார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள இவ பாட்டில் குடிப்பா," என்றேன். "குடிக்கலேன்னா நான் என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்."

ரூடி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "என்ன பேர் வைக்கலாம்னு இப்பவே யோசிச்சு வை," என்றான்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன். வீட்டில் இருந்த ஏழு விதமான நிப்பிள்களையும் வெந்நீரில் போட்டு எடுத்து வரிசையாக வைத்தேன். அகலமானது, ஒல்லியானது, சப்பையானது, தங்கத்தில் செய்தது போல விலை போட்டது. டெல்லா ஒவ்வொன்றையும் நாக்கால் ஒரு தள்ளு தள்ளி, என்னைப் பார்த்து, இல்லாத புருவத்தை நெரித்தாள். வெதுவெதுப்பாகக் கொடுத்தேன், குளிர்ச்சியாகக் கொடுத்தேன். நடந்துகொண்டு, உட்கார்ந்துகொண்டு, துணி உலர்த்தும் மெஷின்மேல் சாய்ந்து அது அதிர அதிரக் கொடுத்தேன். கிர்ஸ்டனின் துவைக்காத ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கொடுத்தேன். அது எனக்கு இரண்டு அளவு சிறியது. அன்று வந்த தபால்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தபாலைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை ரூடி அக்கார்டியனை எடுத்தான். அவன் வாசித்தது எனக்குத் தெரிந்து கல்யாணங்களில் ஆடுகிற பாட்டு. டெல்லா ஆர்வமாகக் கேட்டாள், சிரிக்கக்கூடச் செய்தாள், பாட்டில் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். மற்ற மூன்று பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தார்கள். நோராவுக்கு நாலு வயது. வாய் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உள்ளது.

"தொறக்கறா! தொறக்கறா! மூடிட்டா," என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள். "மார்லி, அவளுக்கு உன்னைப் பிடிக்கல."

"அவளுக்கு என்னைப் பிடிக்கும். பாட்டிலைத்தான் பிடிக்கல."

"எனக்கு உன்னைப் பிடிக்கும்," என்றாள் நோரா, ஆறுதலாக. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் பால் கொடுத்துவிட்டு, கிர்ஸ்டன் போனை என்னிடம் காட்டினாள். வேலையை விடுவதற்கான கடிதம். மூன்றே வரி. எட்டு வருஷ வேலைக்கு மூன்று வரி.

"அனுப்பாதே. நாளைக்கு ஒரு நாள் பாக்கியிருக்கு."

"நாளைக்கு மட்டும் என்ன புதுசா நடக்கப் போகுது?"

"நாளைக்கு நீ மத்தியானம் வராதே. அதான் புதுசு. நீ வருவேன்னு அவளுக்குத் தெரியும். அதனாலதான் நம்மள ஆட்டி வைக்கறா. பன்னிரண்டரை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள குடிக்கலேன்னா நானே உன்னைக் கூப்பிடறேன், நீ ஓடி வா."

அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. வாரம் முழுக்கத் தனியாக ஒரு வீட்டையும் ஒரு குழந்தையையும் தூக்கிச் சுமக்கிறாள். ஒரு ரப்பர் துண்டு அவளைக் கீழே தள்ளிவிடும்போல இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஷீட்டை எடுத்தேன். டெல்லாவின் கட்டத்தில், பகல் பன்னிரண்டு மணி, அம்மாவின் பால், பாட்டில், ஐந்து அவுன்ஸ் என்று பேனாவால் எழுதினேன். பென்சில்கூட இல்லை. எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அப்போது மணி எட்டு.

பதினொன்றேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. ரூடி எட்டாவது விதமான நிப்பிள் ஒன்று வாங்க கடைக்குப் போயிருந்தான், சாவியை மறந்திருப்பான் என்று நினைத்துத் திறந்தேன். பனியில் ஒரு நெட்டை மனிதர் நின்றார். கையில் தலையணை தடிமனுக்கு ஒரு ஃபைல்.

"நான் எவரெட். சாப்பாட்டுத் திட்டத்துலேர்ந்து வரேன் மேடம். சொல்லாம கொள்ளாம வரதுதான் முறை. மன்னிக்கணும்."

வழக்கமாக வருகிற அம்மாள் ரிட்டயர் ஆகிவிட்டாராம். இவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, தனியாகப் பார்வையிட வருவது இதுதான் முதல் தடவை. இதெல்லாம் நான் கேட்கவில்லை. பயத்தில் தானாகவே சொன்னார். இதற்கு முன்னால் பெட்ரோல் பம்புகளில் அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை பார்த்தாராம். பூட்ஸைக் கழற்றி, ஒன்றுக்கொன்று நேராக வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்தவர் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், இப்ப மணி பதினொண்ணேகால்."

"ஆமா."

"இந்தக் குழந்தை பன்னிரண்டு மணிக்கு அஞ்சு அவுன்ஸ் குடிச்சதா எழுதியிருக்கு."

"அது கணக்கு இல்ல தம்பி. சபதம்."

அவர் ஃபைலைத் திறந்து, உண்மையாகவே தேடினார். "சபதத்துக்குக் கட்டம் இல்லையே மேடம்."

"தெரியும். தப்புதான். எழுதிக்கோங்க."

அவர் எழுதவில்லை. முன் நாட்களின் ஷீட்டுகளைப் புரட்டினார். திடீரென்று காது மடல் சிவந்தது. "இங்க... அம்மா வந்து கொடுத்ததுன்னு... நான் ஒரு வேளைச் சாப்பாட்டை நேர்ல பாத்துக் குறிக்கணும் மேடம். அவங்க வரும்போது நான் எங்க நிக்கணும்?"

"அவ இன்னிக்கு வரமாட்டா."

அவர் விட்ட பெருமூச்சில் நாப்கின்கள் பறந்திருக்கும். இருந்தாலும் நம்பிக்கையில்லாமல், அவள் எங்கே உட்காருவாள் என்று கேட்டுக்கொண்டு, துவைக்கும் மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பன்னிரண்டு அடிக்கப் போகிற நேரம். அடுப்பிலிருந்து, எங்கள் ஊரில் ஹாட்டிஷ் என்று சொல்கிற கறிக் கலவைத் தட்டை எடுத்து ஆறவைத்து, மாட்டுக்கறியும் உருளைக்கிழங்குமாகப் பிள்ளைகளுக்குப் பரிமாறி, பக்கத்தில் பீன்ஸ் வைத்தேன். டெல்லா பசியில் அழ ஆரம்பித்திருந்தாள். சுடவைத்த பாட்டிலோடு அவளைத் தூக்கி, நான் அவளை முறைக்க, அவள் என்னை முறைக்க, எங்கள் வழக்கமான சண்டை தொடங்கியது. அப்போது நோரா மிக நிதானமாகச் சொன்னாள்:

"மார்லி, ஐசக் பீன்ஸை மூக்குல போட்டுட்டான்."

பார்த்தேன். வெளியில் பச்சையாக ஒரு நுனி மட்டும் தெரிந்தது. ஐசக் அதை உள்ளே இழுப்பதற்காக மூச்சை வாங்கிக்கொண்டிருந்தான்.

கையில் கிடைத்த ஆள் எவரெட்தான். டெல்லாவை அவர் மடியில் போட்டு, பாட்டிலைக் கையில் திணித்தேன்.

"நான் தொடக் கூடாது மேடம்! விதி இருக்கு!"

"எந்த விதி?"

"தேடணும்."

"தேடற வரைக்கும் பிடிச்சுக்கோங்க."

ஐசக்கின் இன்னொரு மூக்குத் துளையை அடைத்து, "ஊதுடா, பிறந்தநாள் மெழுகுவத்தி மாதிரி ஊது," என்றேன். அவன் வாயால் ஊதினான். இரண்டாவது தடவையும் வாயால் ஊதினான். மூன்றாவது தடவை, வாயைப் பொத்திய பிறகு, பீன்ஸ் என் கண்ணாடியில் வந்து ஒட்டியது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். அழுகைச் சத்தம் இல்லை.

மெல்லத் திரும்பினேன். எவரெட் ஃபைலை மேஜைமேல் பரப்பி, வலது கையால் பக்கம் புரட்டி, உதட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தார். "பிரிவு நாலு... பார்வையாளர் செய்ய வேண்டியவை... குளிர்பெட்டியின் வெப்பநிலை..." இடது முழங்கைக்குள் டெல்லா கிடந்தாள். இடது கையில் பாட்டில் ஏதோ ஒரு கோணத்தில் நின்றது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. டெல்லா குடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பிறந்ததிலிருந்து பாட்டிலில்தான் குடித்தவள்போல, சப்புச் சப்பென்று.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கிர்ஸ்டன் பால் கொடுக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பாள். குழந்தையைப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? நாங்கள்தான் நாலு நாளாக, அக்கார்டியனும் கையுமாக, பத்துக் கண்ணால் அந்தச் சின்ன வாயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னை ஒருத்தர் அப்படிப் பார்த்தால் நானும் சாப்பிட மாட்டேன்.

"குடிக்—" என்று நோரா ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தினேன்.

"யாரும் பாக்காதீங்க," என்று கிசுகிசுத்தேன். "எல்லாரும் ஃப்ரிட்ஜைப் பாருங்க."

மூன்று பிள்ளைகளும் ஃப்ரிட்ஜைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் பொய் எழுத்து, ஐந்து அவுன்ஸ், என்னையே பார்த்தது.

"மேடம், தொடக் கூடாதுன்னு எங்கயும் கிடைக்கல."

"முதல் பக்கத்துலேர்ந்து தேடுங்க தம்பி. சத்தமாப் படிங்க. நானும் தெரிஞ்சுக்கணும்."

அவர் படித்தார். முகவுரை, நோக்கம், வரையறைகள். வரையறை மூன்றில் இருக்கும்போது பின்கதவு படாரென்று திறந்தது.

கிர்ஸ்டன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. மேல்கோட்டு இல்லை, கடையில் போட்டுக்கொள்கிற செருப்போடு பனியில் ஓடி வந்திருந்தாள். "என்னால முடியல மார்லிஸ், கடையில ஒரு குழந்தை அழுதது, எனக்கு..." என்றவள் நின்றுவிட்டாள். ஒரு சமையலறை முழுக்க ஆட்கள் ஃப்ரிட்ஜைப் பார்த்து நிற்கிறார்கள், முன்பின் தெரியாத ஒரு நெட்டை மனிதர் சட்டம் படிக்கிறார், அவர் கையில் அவள் குழந்தை. நான் விரலை உதட்டில் வைத்து, அவளை அங்கேயே நிற்கும்படி சைகை காட்டினேன். அவள் பூட்ஸ் கழற்றுகிற பெஞ்சில், தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மற்ற எல்லாரையும் பார்க்கவிடாமல் தடுத்த எனக்கு, அவளைத் தடுக்க மனசு வரவில்லை.

அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"குடிக்கிறா," என்றாள் காதோடு.

"குடிக்கிறா. உன் வேலை தப்பிச்சுது."

"ட்ராவிஸுக்கு ஆபரேஷன் நடக்கும்."

"நடக்கும்."

அவள் தொங்கும் கோட்டுகளை விலக்கி எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "யார் அந்த ஆளு?"

"பெட்ரோல் பம்பு சோதிக்கறவர்."

"என்னை விட்டா அவளுக்கு வேற யாருமே வேண்டாம்னு எவ்வளவு அலுத்துக்கிட்டேன் தெரியுமா?" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்காமலே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று, உண்மையைச் சொன்னால், எனக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. என் மடியில் குடிக்காதவள், பக்கம் புரட்டுகிறவர் மடியில் குடிக்கிறாள். அதனால் அவள் ஜில்லிட்ட கையை மட்டும் என் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாட்டிலில் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எவரெட் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். டெல்லாவும் அண்ணாந்து பார்த்தாள். யாருக்கு அதிகத் திகைப்பு என்று சொல்ல முடியாது. அவர் பாட்டிலைப் பழக்கத்தில் கண்ணுக்கு நேராகத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"நாலே முக்கால் அவுன்ஸ் மேடம்," என்றார். "ஷீட்டைத் திருத்தணும். முன்னாடியே எழுதினதுக்கு ஒரு குறிப்பும் போடணும்."

"ரெண்டு போடுங்க," என்றேன். நோரா கையைத் தட்டினாள்.

கிர்ஸ்டன் போனை எடுத்தாள். அந்த மூன்று வரியை அழித்தாள். மேனேஜரைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமைலேர்ந்து ரெண்டரைக்கே சாப்பிடறேன், எனக்குச் சம்மதம்," என்று தெளிவாகச் சொன்னாள். அப்புறம் எழுந்து போய் எவரெட்டின் கையிலிருந்து டெல்லாவை வாங்கிக்கொண்டு, மறுபடி கோட்டுகளுக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். எவரெட்டின் பார்வை உடனே கூரைக்குப் போனது.

"மேடம்," என்றார் கூரையிடம், "இதையும் நான் குறிக்கணுமா?"

"வேண்டாம்," என்றாள் கிர்ஸ்டன். "அவ சாப்பிட்டாச்சு."

டெல்லா அவள் தோளில் கன்னத்தை வைத்து, ஒரு பெரிய ஏப்பம் விட்டு, தூங்கிப்போனாள். கிர்ஸ்டனின் வெள்ளைக் கோட்டில் இரண்டு பக்கமும் பால் கசிந்து ஈரம் பரவியிருந்தது. அவள் கடைக்குத் திரும்ப இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. இந்தத் தடவை அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.